எஸ்தர் அக்கா நாய்க்குச் செய்தது

செய்தி ரூட் ஏழு குழுவில் வந்தது.

நான் அந்த ஷூ கம்பெனி வேலையை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. வேலூரில் ஒரு கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் நடத்துகிறேன். ஆனாலும் மாதனூர் வழியாகப் போகும் கம்பெனி பஸ்ஸின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகவில்லை. பஸ் கிளம்பிவிட்டது, ஏரிக்கரையில் நிற்கிறது, இரண்டு நிமிடம் நிறுத்துங்கள் அண்ணா. தினமும் இவைதான். அன்று காலை வேறு ஒரு வரி இருந்தது. எஸ்தர் எக்ஸ்பயர்டு, அடக்கம் நாலு மணிக்கு, செகண்ட் ட்ரிப் பஸ் அவங்க ஊருக்குப் போகும். அதன் கீழே பதினொரு கட்டைவிரல்கள்.

அவை பஸ் நேரத்துக்கானவை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எப்படி என்று யாரும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. காலை வகுப்பை முடித்துவிட்டுப் பஸ் ஏறினேன். ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை. கத்திரி தொடங்கி ஒரு வாரம்.

*

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்கு: எஸ்தர் அக்கா ஸ்டிச்சிங் பிரிவின் மூன்றாம் லைனில் பதினாறு வருடம் மெஷின் ஓட்டியவர். கணவர் ஜோலார்பேட்டையில் ரயில்வே ஊழியர். பிள்ளைகள் இல்லை. லைனின் முதலுதவியாளர் அவர்தான். அதாவது, கேண்டீனுக்குப் போகும் வழியில் அறிவிப்புப் பலகையில் பச்சைச் சிலுவைக்குக் கீழே இருக்கும் நாலு புகைப்படங்களில் இரண்டாவது. வெளிநாட்டிலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பலகையை. பலகைக்குப் பொறுப்பு நான். ஆய்வுக்கான காகிதங்கள் எல்லாம் என் மேசையில்தான் பிறந்தன.

மற்ற மூன்று பேரும் புகைப்படத்தோடு நின்றுவிட்டார்கள். இவர் நிற்கவில்லை. வேலூரிலிருந்து ஒரு மருத்துவர் வந்து ஒரு நாள் பயிற்சி கொடுத்தார். ரத்தம், தீக்காயம், மயக்கம், வெயில். சந்தேகம் உண்டா என்று கடைசியில் கேட்டார். அக்கா எழுந்தார்.

"சார், வெயிலுக்குச் சொன்னீங்களே, நாய்க்கும் அப்டித்தானா?"

அறை முழுக்கச் சிரிப்பு. சூப்பர்வைசர் தனசேகர், "இன்னா எஸ்தரு, முதலுதவிப் பெட்டில ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வெச்சிடலாமா" என்றார். மருத்துவரும் சிரித்துவிட்டார். பிறகு யோசித்து, ஏறக்குறைய அதேதான் என்றார். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும், அதனால் நம்மைவிடச் சீக்கிரம் விழுந்துவிடும். அக்கா சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்காமல் அதை எழுதிக்கொண்டார்.

மாலை பஸ்ஸில் காரணம் கேட்டேன். கல்யாணமான புதிதில் ஒரு நாய் வளர்த்தாராம். ஒரு நாள் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அதை வீட்டுக்குப் பின்னால் சுவரோரம் கட்டிவிட்டு வந்திருக்கிறார். காலையில் அங்கே நிழல் இருந்தது. பதினோரு மணிக்கு நிழல் நகர்ந்துவிட்டது. கயிறு நகரவில்லை. சாயங்காலம் விறைத்துக் கிடந்த நாயைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போயிருக்கிறார். செத்ததை எதற்கம்மா கொண்டுவந்தாய் என்றாராம் டாக்டர். என்ன செய்திருந்தால் பிழைத்திருக்கும், அதை மட்டும் சொல்லுங்கள் என்று இவர் கேட்டிருக்கிறார். டாக்டர் சொன்னது ஒவ்வொன்றும் வரிசை மாறாமல் அவர் நினைவில் இருந்தது.

"செத்தப்பறம் கத்துகிட்டேன் தம்பி. இன்னா பிரயோஜனம்?"

*

கம்பெனி வாசலில் ஒரு செம்பழுப்பு நாய் இருந்தது. பெயர் பையர். ஷூ வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களை நாங்கள் பையர் என்போம். இந்த நாயும் வருகிறவர் போகிறவர் ஷூவையெல்லாம் முகர்ந்து பார்க்கும். ஒன்றும் தேறவில்லை என்பதுபோல நகர்ந்துவிடும். பெயர் வைத்தது யார் என்று தெரியாது.

போன வருடக் கத்திரியில் ஒரு நாள் காலை அது எங்கள் பஸ்ஸுக்குள் ஏறிக் கடைசி சீட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டது. டிரைவர் பார்க்கவில்லை. கண்ணாடிகளை ஏற்றிக் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். பஸ் நிற்கும் இடத்தில் மரம் கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் எதையோ எடுக்க வந்து கதவைத் திறந்தபோது நாய் வெளியே விழுந்தது.

எழுந்து நாலடி வைத்தது. பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன. வாயிலிருந்து கயிறுபோல் எச்சில். பார்வை யார்மீதும் இல்லை. வாட்ச்மேன் வெறிநாய் என்று கத்தினார். அந்த ஒரு சொல் போதும். கூட்டம் பின்வாங்கியது. இரண்டு பேர் இரும்புக் குழாய்த் துண்டுகளோடு முன்னால் வந்தார்கள்.

அக்கா சோற்றுக் கையோடு வந்து நடுவில் நின்றார்.

"அடிக்காத. வெறி இல்ல இது. வெயிலு."

கடித்துவிட்டால் யார் பொறுப்பு என்று ஒருவர் கேட்டார். நான்தான் என்றார் அக்கா. துப்பட்டாவை முழங்கைவரை சுற்றிக்கொண்டு நாயின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது.

நிழல் வேண்டும். அந்த வளாகத்தில் நிழல் ஒரே இடத்தில்தான்: அலுவலக முகப்பில், முதலாளியின் கார் நிற்கும் பளிங்குத் தரை. அக்கா நாயைத் தூக்கிக்கொண்டு நேராக அங்கே போனார். அவருக்குப் பக்கத்து மெஷின் நூர்ஜஹான் பக்கெட்டோடு பின்னால் ஓடினார். குழாய்த் தண்ணீரை அக்கா தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தார். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வருவது. கொதித்தது. இதை ஊற்றினால் வெந்துவிடும், போர் தண்ணீர் பிடி என்றார்.

அடுத்த பத்து நிமிடத்தை நான் அலுவலகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். யாரோ கேண்டீனிலிருந்து ஐஸ்கட்டி கொண்டுவந்தார்கள். கால்நடை டாக்டர் கூடாது என்றிருக்கிறார், மேல்தோல் சுருங்கிச் சூடு உள்ளேயே தங்கிவிடும் என்று அக்கா திருப்பி அனுப்பினார். ஒருவர் ஈரச் சாக்கைக் கொண்டுவந்து போர்த்தினார். அக்கா அதை இழுத்து எறிந்தார். "மூடாத. மூடினா உள்ளயே வேவும்." வாயில் தண்ணீர் புகட்டப் போன கையைத் தட்டிவிட்டார்; நினைவில்லாதபோது ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். வயிறு, தொடையிடுக்கு, முன்னங்கால் இடுக்கு, பாதங்கள். தண்ணீர் அங்கேதான். பிறகு காற்று. நூர்ஜஹானும் நாலைந்து பெண்களும் ஷூ பெட்டிகளின் அட்டை மூடிகளால் விசிறினார்கள். நான் விசிறவில்லை. கண்ணாடிக்கு உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

நாய் தலையைத் தூக்கியது. மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டதும் தண்ணீர் போதும் என்றார். அளவுக்கு மீறிக் குளிர்ந்தாலும் ஆபத்தாம். கிண்ணத்தில் கொஞ்சம் வைத்தார், அது தானாக நக்கியது. கூட்டம் கை தட்டியது. அக்கா தட்டவில்லை. தோல் இறக்க வந்திருந்த லோடு ஆட்டோவை நிறுத்தி, கால்நடை மருந்தகத்துக்குப் போகவேண்டும் என்றார். அதான் எழுந்துவிட்டதே என்றார் ஆட்டோக்காரர்.

"எந்திரிச்சிட்டா பொழச்சிடுச்சுன்னு அர்த்தமாண்ணா? உள்ள இன்னா வெந்திருக்குன்னு நமக்கு இன்னா தெரியும்."

பையர் பிழைத்தது. அதன்பிறகு அக்காவுக்கு நாய் டாக்டரம்மா என்று பெயர். ஒருமுறை தலைவலி என்று வந்த ஒருவன், "நாய்க்குப் பாத்தீங்களே, எனக்கும் பாருங்க" என்று கையை நீட்டினான். "நாயா இருந்தா சொன்ன பேச்சு கேக்கும். நீ கேப்பியா?" என்றார். பஸ்ஸிலிருந்து கடைசியாக இறங்குகிறவர் ஆனார். தினமும் காலையில் முட்டி வலியோடு குனிந்து ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் பார்த்துவிட்டு இறங்குவார். பேஜாரு பண்றாங்கப்பா என்று டிரைவர் ஹாரன் அடிப்பார்.

*

நாயை ஏற்றிவிட்டு அவர் லைனுக்குத் திரும்பியபோது மணி அடித்துப் பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. மூன்றாம் லைனில் அன்று மணல் நிற ஸ்வேட். அந்தத் தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும். காய்ந்தாலும் வட்டம் நிற்கும். அக்காவின் உடை நனைந்திருந்தது. ஒரு ட்ரே வீணானது.

மெமோவை நான் தட்டச்சு செய்தேன். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"நல்லா எழுதிருக்கீங்க தம்பி. ஆனா இதுல நாயே வரலையே."

வரவில்லை. ஈரமான உடையுடன், தாமதமாக, உற்பத்திப் பகுதிக்குள். அவ்வளவுதான் வந்தது. கையெழுத்துப் போட்டு, பேனாவுக்கு மூடி மாட்டித் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் இன்னொரு காகிதம் எழுதச் சொன்னார்கள். லைனுக்குள் இனித் தண்ணீர் பாட்டில் கூடாது. அதுவரை மெஷினுக்கு அடியில் ஆளுக்கொரு பாட்டில் வைத்திருப்பார்கள்; சூப்பர்வைசர் கண்டுகொள்ளமாட்டார். என் காகிதத்துக்குப் பிறகு பாட்டில்கள் கதவுக்கு வெளியே ஒரு ரேக்குக்குப் போயின. அதன் வாக்கியம் எனக்கு மனப்பாடம். 'உற்பத்திப் பகுதிக்குள் எந்தக் காரணம் கொண்டும் தண்ணீர் அனுமதிக்கப்படாது.' எந்தக் காரணம் கொண்டும் என்று யாரும் எழுதச் சொல்லவில்லை. வாக்கியத்துக்கு ஒரு முழுமை வேண்டியிருந்தது. நான் சேர்த்தேன்.

ஒரு வாரம் கழித்து அக்கா ஒரு தாளோடு வந்தார். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்தது. வெயில் தாக்கினால் செய்யவேண்டியது, நீல மையில் சில வரிகள். தலைப்பு: நாய்க்கும் ஆளுக்கும். பலகையில் ஒட்டுங்கள் என்றார்.

நாயையும் ஆளையும் ஒரே தாளில் போட்டால் ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள், எங்களை நாய் என்கிறார்கள் என்பார்கள், தலைப்பிலிருந்து நாயை எடுத்துவிடலாம் என்றேன். நியாயமாகப் பேசுவதாகத்தான் நினைத்தேன். அக்கா தலைப்பின் மேல் விரலை வைத்தார்.

"நாய்க்குன்னா நம்மாளுங்க கூச்சப்படாம செய்றாங்க தம்பி. ஆளுக்குன்னா ஆயிரம் பாப்பாங்க. நாய்க்கு செஞ்சத செஞ்சா போதும். அதுக்குத்தான் எழுதிருக்கேன்."

ஆவண எண் இல்லாமல் பலகையில் எதையும் ஒட்ட முடியாது என்றேன். அது உண்மை. எண் வாங்குவது என் வேலை என்பதும் உண்மை. தாள் என் இழுப்பறைக்குப் போனது. இரண்டு முறை வந்து கேட்டார். மூன்றாவது முறை கேட்கவில்லை.

*

அடக்கத்துக்கு வந்திருந்தவர்களோடு ஷாமியானாவில் உட்கார்ந்திருந்தபோது நூர்ஜஹான் எனக்குச் சொன்னார். அழவில்லை. சொல்லும்போது வலது கை மடியில் எதையோ தைப்பதுபோல நகர்ந்துகொண்டிருந்தது.

முந்தின நாள் காலையிலிருந்தே அக்காவுக்குத் தலைவலி. பத்து மணிக்குக் கரன்ட் போனது. ஜெனரேட்டர் மெஷின்களுக்கு மட்டும். பெரிய விசிறிகளுக்கு இல்லை. அது எல்லோருக்கும் பல வருடமாகத் தெரியும். தண்ணீர் குடிக்க வெளியே போகவேண்டும் என்று அக்கா ஒருமுறை கேட்டிருக்கிறார். இந்த லாட் முடியட்டும், பத்து நிமிடம் என்றார் தனசேகர். பிறகு அக்கா கேட்கவில்லை. மெமோ வாங்கியவர்கள் இரண்டாம் முறை கேட்பதில்லை.

"எங்க எல்லாருக்கும் வேர்த்து ஊத்துது. அவளுக்கு மூஞ்சி காஞ்சி கெடக்குது. அப்பறம் பாத்தா தையல் கோணலாப் போவுது தம்பி. பதினாறு வருசத்துல அவ தையல் கோணி நான் பாத்ததே இல்ல. தூங்கறியாடின்னு நான் சிரிச்சேன்."

சிரித்து முடிப்பதற்குள் அக்கா ஸ்டூலிலிருந்து சரிந்தார். கை கால் வெட்டி இழுத்தது. தனசேகர் ஓடிவந்தார். முதலில் ட்ரேக்களை எடுக்கச் சொன்னார். அதை ஒரு குற்றமாக நூர்ஜஹான் சொல்லவில்லை. அந்த இடத்தில் யார் கையும் முதலில் தோலைத்தான் நகர்த்தும். யாரோ வலிப்பு என்றார்கள். சாவிக்கொத்தைக் கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்கள். உடை விலகியிருந்தது, ஆண்கள் சுற்றி நின்றார்கள். அதனால் நாலு பெண்கள் தங்கள் துப்பட்டாக்களை எடுத்துக் கழுத்துவரை போர்த்தினார்கள். நாலு துப்பட்டா. வேலைக்குப் போடும் கோட்டின் பட்டனைக்கூட யாரும் கழற்றவில்லை.

நூர்ஜஹான் வெளியே ஓடி ரேக்கிலிருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே தோல் இருக்கிறது, அவளை வெளியே தூக்கி வந்து ஊற்றுங்கள் என்று கதவருகே நிறுத்தினார்கள். கதவில் என் காகிதம் இருந்தது. யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. தேவைப்படவில்லை.

பெண்களால் தூக்க முடியவில்லை. ஆண்கள் தொடத் தயங்கினார்கள். நாற்காலி தேடினார்கள். வெளியே வந்ததும், முகப்பு நிழலில் படுக்க வையுங்கள் என்று நூர்ஜஹான் கெஞ்சியிருக்கிறார். ஆஸ்பத்திரிதான் முக்கியம் என்று பஸ்ஸில் ஏற்றினார்கள். காலையிலிருந்து வெயிலில் பூட்டி நின்ற பஸ். பெண்பிள்ளை படுத்திருக்கிறாள் என்று திரைகளை இழுத்துவிட்டார்கள்.

"மூஞ்சில மட்டும் தெளிச்சேன். வயித்துல ஊத்தணும், அக்குள்ல ஊத்தணும்னு எனக்குத் தெரியும் தம்பி. நாய்க்கு நான்தான ஊத்துனேன். ஆனா பஸ்ல தனசேகர் சார் இருந்தாரு, டிரைவரு இருந்தாரு. எப்டி நான் அவ துணிய விலக்கறது?"

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டாராம். வழியில் உடம்பைக் குளிர வைத்தீர்களா. மறுநாள் காலை அக்கா போய்விட்டார்.

கம்பெனியில் அன்று முதல் ஷிஃப்டில் மெஷின்களை நிறுத்தி எல்லோரும் எழுந்து நின்றார்களாம். இரண்டு நிமிடம். "அதுக்கு நிறுத்த முடிஞ்சிது" என்றார் நூர்ஜஹான்.

*

அக்கா படுத்திருந்த ஐஸ் பெட்டியைப் பார்த்தேன். மேலே ஷாமியானா. பக்கத்தில் நின்று சுழலும் விசிறி. கண்ணாடிக்கு உள்பக்கம் நீர்த்துளிகள். நிழல், காற்று, குளிர்ச்சி எல்லாம் இருந்தன, ஒரு நாள் தாமதமாக. அவருடைய கணவர் பெட்டியின் ஒயரைக் கண்ணால் பின்தொடர்ந்துகொண்டே போய் ஷாமியானாக்காரரிடம் மெதுவாகக் கேட்டார். "கரன்ட் போச்சுன்னா ஜெனரேட்டர் இருக்குதில்ல?"

இருக்கிறது என்றார் அவர்.

அடக்கம் முடிந்து செகண்ட் ட்ரிப் பஸ்ஸில் கம்பெனி வாசல்வரை வந்தேன். அங்கிருந்து வேலூர் பஸ் பிடிக்கலாம். எல்லோரும் இறங்கியபிறகு குனிந்து சீட்டுகளுக்கு அடியில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. வாசலில் பையர் எழுந்து வந்து என் ஷூவை முகர்ந்தது. பிறகு நகர்ந்துபோய் முதலாளியின் கார் நிழலில் படுத்துக்கொண்டது. அங்கே படுக்க அதற்கு இப்போது அனுமதி உண்டு. அக்காவின் படம் பலகையில் இன்னும் இருக்கிறதாம். அடுத்த வாரம் ஆய்வு. நாலு படம் இருக்கவேண்டும்.

ரூட் ஏழில் வந்தவர்களே, எஸ்தர் அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தாள். வேலையை விட்ட அன்று இழுப்பறையைக் காலி செய்தபோது ஏதோ புத்தகத்துக்குள் வந்துவிட்டது. நேற்று எடுத்தேன். முதலில் நிழல் என்று தொடங்குகிறது. துணியைத் தளர்த்து, கூச்சப்படாதே. இந்த வரியின் கீழ் இரண்டு கோடு. வயிறு, அக்குள், தொடையிடுக்கு, தண்ணீர் ஊற்று, நிறுத்தாமல் விசிறு. மூடாதே. மயக்கத்தில் வாயில் ஊற்றாதே. அப்புறம்தான் வண்டி, ஜன்னலைத் திறந்து வை, போகும்போதும் ஊற்று. எழுந்து உட்கார்ந்தாலும் டாக்டரிடம் காட்டாமல் விடாதே.

மேலே, நாய்க்கும் ஆளுக்கும் என்ற தலைப்புக்குப் பக்கத்தில், பென்சிலில் ஒரு குறிப்பு. ஆவண எண், ஒரு கேள்விக்குறி. என் கையெழுத்து. அழிக்க ரப்பர் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன்.